புகும் வாயிலும் போகும் வாயிலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ராயகிரி. அங்கிருந்து வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே தெற்கே சென்றால், செங்கோட்டைச் சீமையில் மீனாட்சிபுரம் என்றொரு சிற்றூர் வரும். பெயர் சொன்னால் பக்கத்து ஊரார்க்கு மட்டுமே தெரிந்திருந்த அச்சிற்றூர், 1981 பிப்ரவரி 19 அன்று இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் தன் பக்கம் திரும்பிப் பார்க்கச் செய்தது. படையெடுத்தா? புதையல் எடுத்தா? இல்லை. தாழ்த்தப்பட்டோர் என்று தலைமுறை தலைமுறையாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ நூற்றெண்பது குடும்பத்தினர் அன்று ஒருசேர இஸ்லாத்தைத் தழுவினர். அவ்வளவுதான் செய்தி. அதற்குத்தான் அத்தனை அமளி!

தில்லியிலிருந்து தலைவர்கள் வந்தனர். சாமியார்கள் வந்தனர். செய்தியாளர்கள் வந்தனர். அதுவரை அவ்வூர்த் தெருவில் கால் வைக்காத பெரியோரெல்லாம் அன்று அங்கே கண்ணீர் வடித்தனர். அரபு நாட்டுப் பணம் வந்ததென்றார் ஒருவர். ஆசை காட்டி ஏமாற்றினரென்றார் இன்னொருவர். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தது எந்நாட்டுப் பணம் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

1947இல் திருச்சியில் பேசிய பெரியார், இழிவு நீங்க வேண்டுமானால் இஸ்லாத்தில் சேருங்கள் என்று தாழ்த்தப்பட்டோர்க்குச் சொன்னார். சொன்னவர் தாம் சேரவில்லை. கடவுளை ஏற்காதவர் சேரவும் முடியாது. நோயாளிக்கு மருந்து சொல்லும் மருத்துவர் தாமே அதைக் குடித்துக் காட்ட வேண்டியதில்லையே! மீனாட்சிபுரத்தார் பெரியாரைப் படித்துவிட்டு அம்முடிவுக்கு வந்தனர் என்று நான் சொல்ல வரவில்லை. பட்டறிவே அவர்க்குப் பாடநூல்.

நம் கருத்துக்கு வேண்டியது வேறொன்று. அவர்கள் புறப்பட்டபோது அவர்களைத் தடுக்கும் சட்டம் எதுவும் இங்கே இல்லை. விட்டுச் செல்லும் மதத்தின் மடத்தில் போய் அனுமதிச் சீட்டு வாங்கி வா என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அரசியற் சட்டத்தின் 25ஆம் பிரிவு, மனச்சான்றின் உரிமையை ஆளுக்கு உரியதாக வைத்திருக்கிறது. கோயிலுக்கோ கூட்டத்துக்கோ உரியதாக வைக்கவில்லை. மதச்சார்பற்ற அரசு என்று மேடையில் முழங்குகிறோமே, அம்முழக்கத்தின் உட்பொருள் இதுதான். எந்த மதத்துக்குள் புகும் வாயிலையும், எந்த மதத்தை விட்டுப் போகும் வாயிலையும் அரசு பூட்டி வைக்காது.

ஒரு மதத்தைத் தன் மதமென்று அறிவித்துவிட்ட அரசில் அவ்வாயில்கள் என்னவாகும்? அங்கே சீர்திருத்தத்துக்கு இடமுண்டா? ஏட்டுக் கேள்வி அன்று இது. நம் இனத்தார் இலட்சக் கணக்கில் வாழும் நாடொன்றில் நீதிமன்றப் படிக்கட்டுகளில் கண்ணீரோடு கேட்கப்பட்ட கேள்வி.

கடையநல்லூர் நெசவாளர் பலர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர். அதற்கு முன்பே, கங்காணி காட்டிய வழியில், தஞ்சையும் திருச்சியும் சேலமும் ஈன்ற ஏழை மக்கள் இரப்பர்த் தோட்டங்களை நிரப்பியிருந்தனர். முஸ்லிம் தமிழரும் இந்துத் தமிழரும் ஒரே கப்பலின் ஒரே தளத்தில் சென்றவர்கள்தாம். உடைமைகளோடு சாதியையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அதை அவிழ்த்தெறியச் சொல்ல, 1929 டிசம்பரில் பெரியார் நாகம்மையாருடன் மலாயா சென்றார். ஈப்போ நகரில் கூடிய தமிழர் சீர்திருத்த மாநாட்டிலும் அவர் குரல் ஒலித்தது. 1935இல் கோ. சாரங்கபாணியாரின் 'தமிழ் முரசு' சிங்கப்பூரில் பிறந்தது. புரோகிதரில்லாத் திருமணம், கைம்பெண் மணம், பெண்ணுக்குச் சொத்து என்ற பேச்செல்லாம் பால்மரத் தோப்புகளுக்குள்ளும் புகுந்தது.

அதே ஈப்போவில், எண்பது ஆண்டுகள் கழித்து, ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

அவர் பெயர் இந்திரா காந்தி. பெயரைக் கண்டு மயங்க வேண்டா; அவர் பாலர் பள்ளி ஆசிரியை. மூன்று பிள்ளைகளின் தாய். 2009 மார்ச்சில் அவருடைய கணவர் முஸ்லிமாக மாறினார். மாறியது அவர் உரிமை. மறுக்க நாம் யார்? ஆனால் அத்தோடு நிற்கவில்லை அவர். அடுத்த மாதம், தாய் அறியாமல், மூன்று பிள்ளைகளையும் முஸ்லிம்களாகப் பதிவு செய்து பேராக் மாநிலச் சமய அலுவலகத்தில் சான்றிதழ் பெற்றார். பிள்ளைகள் அங்கே போகவுமில்லை, ஒரு சொல் சொல்லவுமில்லை. மூத்த மகளுக்கு வயது பன்னிரண்டு, மகனுக்குப் பதினொன்று. கடைக்குட்டிக்கு? பதினொரு திங்கள். ஆம், பால்குடி மறவாத பச்சிளங்குழந்தை! அக்குழந்தையைத் தந்தை தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஷரியா மன்றம் மூன்று பிள்ளைகளையும் வளர்க்கும் பொறுப்பை அவருக்கே வழங்கியது. முஸ்லிம் அல்லாதவர் என்பதால் அம்மன்றத்தில் நின்று வழக்காடத் தாய்க்கு இடமில்லை. பிள்ளையைப் பெற்றவள் அவ்வழக்கில் ஓர் ஆளே அல்லள்!

இந்நிலை எவ்வாறு வந்தது? மலாயாவின் அரசியற் சட்டம் பிறந்த கதையைப் புரட்ட வேண்டும்.

1956இல் ரீட் பிரபு தலைமையில் ஐவர் குழு அமைந்தது. இங்கிலாந்தின் ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் மெக்கெல், இந்தியாவிலிருந்து அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி மாலிக், பாகிஸ்தானிலிருந்து நீதிபதி அப்துல் ஹமீது. அரசுக்கு மதம் வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது வேண்டாமென்றவர்கள் யார் தெரியுமா? மலாய் சுல்தான்கள்! ஒவ்வொரு சுல்தானும் தன் மாநிலத்தில் இஸ்லாத்தின் தலைவர். கூட்டரசுக்கென ஒரு மதம் வந்தால் தம் தலைமை தேயுமே என்ற கவலை அவர்களுக்கு. குழுவின் பெரும்பான்மையும் அவ்விதியைச் சேர்க்கவில்லை. நீதிபதி அப்துல் ஹமீது மட்டும் மாறுபட்டார்: இஸ்லாம் அரசின் மதமென எழுதுவதால் எவருக்கும் எத்தீங்கும் வராது என்றார் அவர். அவர் நாடான பாகிஸ்தான் அந்த 1956இல்தான் தன்னை இஸ்லாமியக் குடியரசு என அறிவித்திருந்தது.

அம்னோ, சீனர் சங்கம், ம.இ.கா. மூன்றும் சேர்ந்த கூட்டணியும் அவ்விதி வேண்டுமென்றது. ஆனால் அதனால் நாடு மதச்சார்பற்ற நாடாக இல்லாமற் போகாது என்றும் கூடவே எழுதிக் கொடுத்தது. பிரிட்டிஷ் அரசின் 1957ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கையும் அவ்வுறுதியைத் திருப்பிச் சொல்லிற்று. ம.இ.கா.வின் தலைவராக அப்போது இருந்தவர் வீ. தி. சம்பந்தன், தமிழர். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. மண்ணில் பிறந்தவர்க்கெல்லாம் குடியுரிமை என்ற பெரும்பேறு தட்டின் ஒரு பக்கம் இருந்தது. நாடற்றவராக நிற்போமோ என்று நடுங்கிய தோட்டத் தமிழனுக்கு அது உயிர்மூச்சு. மறுதட்டில் ஒரு வரி. அதுவும், எத்தீங்கும் செய்யாது என்று நீதிபதியே சொன்ன வரி. யார்தாம் கையெழுத்திட்டிரார்?

அவ்வாறு மூன்றாம் பிரிவு பிறந்தது: இஸ்லாம் கூட்டரசின் மதம், ஏனைய மதங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம். நாலாம் பிரிவு, அரசியற் சட்டமே அனைத்துக்கும் மேலான சட்டமென்றது. பதினோராம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் மதத்தைப் பின்பற்றும் உரிமை தந்தது. நூற்றறுபதாம் பிரிவோ, மலாய்க்காரர் என்பதற்கு இலக்கணம் வகுக்கும்போது, அவர் இஸ்லாத்தைப் பின்பற்றுபவர் என்று எழுதி வைத்தது. பிறப்பையும் நம்பிக்கையையும் ஒரே முடிச்சில் கட்டிய அவ்விலக்கணம் பின்னர் எத்தனை பேர் கழுத்தை இறுக்கியது!

முதற் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் 1958இலேயே, வழக்கமாகச் சொல்லப்படும் பொருளில் இது இஸ்லாமிய அரசு அன்று என்று மன்றத்தில் தெளிவாக்கினார். 1983இல், எண்பதாம் பிறந்தநாளிலும் அதையே வற்புறுத்தினார். ஆனால் முதியவரின் சொல்லை அதற்குள் காற்று அடித்துக்கொண்டு போகத் தொடங்கியிருந்தது. யார் சிறந்த முஸ்லிம் என்ற போட்டி, அம்னோவுக்கும் பாஸ் கட்சிக்கும் இடையே. வாக்குச் சீட்டுக்காகத் தொழுகை விரிப்பை யார் அகலமாக விரிப்பது என்ற போட்டி அது. மக்களின் இறைப்பற்று வேறு, அதை விற்று முதலாக்கும் அரசியல் வேறு. இவ்வேறுபாட்டை அயோத்திக்குப் பின் நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

1988ஆம் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டின் தொடக்கத்தில் தலைமை நீதிபதி சாலே அபாஸ், சே ஒமார் வழக்கில், மூன்றாம் பிரிவின் இஸ்லாம் சடங்குகளையும் விழாக்களையும் குறிப்பதே. நாட்டின் பொதுச் சட்டம் மதச்சார்பற்ற சட்டமே என்று தீர்ப்பளித்தார். அவ்வாண்டின் நடுவில் நாடாளுமன்றம் 121ஆம் பிரிவில் '1ஏ' என்றொரு சிறு உட்பிரிவை ஒட்டியது: ஷரியா மன்றத்தின் அதிகாரத்துக்குட்பட்ட பொருளில் உயர்நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை. சில திங்களுக்குள் சாலே அபாஸும் பதவியிழந்தார். அது பிரதமர் மகாதீருக்கும் நீதித்துறைக்கும் நடந்த வேறொரு போரின் விளைவு. 2001 செப்டம்பரில் மகாதீர், சீனர் மிகுந்த கெராக்கான் கட்சியின் மாநாட்டு மேடையிலேயே, மலேசியா ஏற்கெனவே இஸ்லாமிய அரசுதான் என்று அறிவித்தார். மதச்சார்பற்ற நாடென்று சொல்லி ஒப்பந்தம் செய்தவர்களின் பிள்ளைகள் அங்கே இருந்து கேட்டுக்கொண்டனர்.

'1ஏ' என்ற அவ்வுட்பிரிவு என்ன செய்தது? உரிமையியல் நீதிமன்றங்கள் அதைக் கண்டதும் கையை உதறின. 2005 டிசம்பரில் மூர்த்தி என்ற படைவீரர் இறந்தார். 1997இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற மலேசியக் குழுவில் இடம்பெற்றுப் புகழடைந்தவர். பின்னர் விபத்தில் முடங்கிப் போனவர். இறந்த பின், அவர் முஸ்லிமாக மாறியிருந்தார் என்றது சமயத் துறை. மனைவிக்கோ அவர் கடைசிவரை இந்து. ஷரியா மன்றம் அவரை முஸ்லிமெனத் தீர்த்தது. மனைவியின் சொல் அங்கே ஏறவில்லை. உயர்நீதிமன்றத்துக்கு ஓடினார். எமக்கு அதிகாரமில்லை என்றது உயர்நீதிமன்றம். அன்றே அடக்கம் நடந்தது. இரண்டு நீதிமன்றங்கள் இருந்த நாட்டில் அந்த அம்மைக்கு ஒரு நீதிமன்றமும் இல்லை. 2006 சனவரியில் முஸ்லிமல்லாத அமைச்சர் ஒன்பதின்மர், சட்டத்தை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று பிரதமர் அப்துல்லா படாவியிடம் மனுக் கொடுத்தனர். நெருக்குதல் வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டனர். அமைச்சர்களின் முதுகெலும்பே அவ்வளவுதான் என்றால், தோட்டத்து முனியம்மாள் எங்கே போவார்?

முஸ்லிம் அல்லாதாரின் துயரம் மட்டுமே இது என்று எண்ணிவிடாதீர்கள். மதத்தை அரசு கையிலெடுத்தால் அதன் பிடி முதலில் இறுகுவது அம்மதத்தாரின் கழுத்தில்தான். லீனா ஜாய் மலாய் முஸ்லிமாகப் பிறந்தவர். கிறித்துவராகி 1998இல் திருமுழுக்குப் பெற்றவர். அடையாள அட்டையில் பெயரை மாற்றித் தந்தனர். 'இஸ்லாம்' என்ற சொல்லை எடுக்க மறுத்தனர். 2007 மே 30 அன்று கூட்டரசு நீதிமன்றம், இருவர்க்கொருவர் என்ற கணக்கில், ஷரியா மன்றத்தின் அனுமதி வேண்டுமென்று அவரைத் திருப்பியனுப்பியது. நம்பாத மதத்தின் மன்றத்தில் போய், நம்பாமலிருக்க அனுமதி கேட்க வேண்டும்! மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் நீதிபதி ரிச்சர்டு மலாஞ்சும். அவ்வாண்டிலேயே, பெற்றோர் முஸ்லிம்களாகிவிட்டதால் முஸ்லிமெனப் பதியப்பட்டு, பாட்டியிடம் இந்துவாக வளர்ந்து, இந்துவை மணந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, சமயத் துறையின் 'மறுவாழ்வு' முகாமில் ஆறு திங்கள் அடைபட்டுக் கிடந்து வெளிவந்தார். புகும் வாயில் திறந்தே இருந்தது. போகும் வாயிலுக்குத்தான் பூட்டு.

மலாய் முஸ்லிம் பெண்ணின் நிலையைப் பாருங்கள். முஸ்லிமல்லாத பெண்ணுக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம், 1982இல் நடைமுறைக்கு வந்து, ஒருவனுக்கு ஒருத்தி என்ற காப்பைத் தந்தது. 1999இல் பிள்ளை மீது தந்தைக்கு நிகரான உரிமையும் வந்தது. முஸ்லிம் பெண்ணுக்கு? 1984இல் கூட்டரசுப் பகுதியின் இஸ்லாமியக் குடும்பச் சட்டம், இரண்டாம் மணத்துக்கு ஐந்து நிபந்தனை விதித்து ஓரளவு முன்னேறியது. முதல் மனைவியின் வாழ்க்கைத் தரம் தாழக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. 1994இல் அதை எடுத்தெறிந்தனர். ஏணியில் மற்றவள் ஏற, இவள் மட்டும் இறக்கப்பட்டாள். 2006இல் இந்நிலையைத் தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு ஒப்பிட்டு எழுதினார் ஒரு முஸ்லிம் பெண்மணி. யார் அவர்? மலேசியாவை இஸ்லாமிய அரசென்று அறிவித்த அதே மகாதீரின் மகள் மரீனா! 'இஸ்லாமிய சகோதரியர்' என்ற பெண்கள் அமைப்பு, திருக்குர்ஆனைக் கையில் வைத்துக்கொண்டே, இதில் பெண்ணடிமைக்கு எங்கே இடம் என்று பல்லாண்டாகக் கேட்டு வந்தது. 2014இல் சிலாங்கூரின் சமயக் குழு அவர்களை வழிதவறியோர் என்று பத்வா வெளியிட்டது.

இஸ்லாம் என்றாலே இப்படித்தான் என்று சொல்லும் நாவுகள் நம் நாட்டில் இப்போது நீண்டு வளர்ந்திருக்கின்றன. வரலாறு அவற்றுக்கு விடை வைத்திருக்கிறது. இங்கே காந்தியார் தலைமையில் கிலாபத்தைக் காக்கக் கிளர்ச்சி நடந்தது. அங்கே 1924 மார்ச்சில் துருக்கியரே அதைத் தூக்கியெறிந்தனர். 1926இல் பலதார மணம் சட்டத்தால் ஒழிந்தது. 1928இல் அரசின் மதம் இஸ்லாம் என்ற சொற்றொடரே அரசியற் சட்டத்திலிருந்து நீங்கியது. கமால் பாட்சாவை நம் இயக்க மேடைகள் புகழ்ந்தது புகழ்ந்ததே. எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: வாளால் வந்த மாற்றம் அது, மக்கள் மனத்தில் எல்லா இடத்திலும் இறங்கவில்லை. கமால் ஆட்சியில் அருங்காட்சியகமாக மாறிய ஹேகியா சோபியா 2020இல் மீண்டும் பள்ளிவாசலானது. துனீசியாவின் வழி வேறு. 1956 ஆகஸ்டில், விடுதலை பெற்ற அதே ஆண்டில், புர்கிபா அங்கே பலதார மணத்தைத் தடை செய்தார். தலாக் சொல்லி அனுப்பும் வழக்கம் ஒழிந்து, மணமுறிவு நீதிமன்றத்துக்குப் போனது. 1959இல் எழுதிய அரசியற் சட்டமோ, துனீசியாவின் மதம் இஸ்லாம் என்றே முதற்பிரிவில் கூறியது!

ஆக, மூன்றாம் பிரிவின் ஒரு வரி மட்டும் ஒரு நாட்டைக் கெடுத்துவிடவில்லை. கடைசிச் சொல் யாருடையது என்பதே கேள்வி. துனீசியாவில் கடைசிச் சொல் அரசின் பொதுச் சட்டத்துக்கு இருந்தது. அதனால் மதத்தின் பெயரை வைத்துக்கொண்டே பெண்ணின் விலங்கை உடைக்க முடிந்தது. 1957இன் மலாயாவிலும் அது பொதுச் சட்டத்துக்கே இருந்தது. 1988இன் ஓர் உட்பிரிவு, அக்கடைசிச் சொல்லைப் பிடுங்கி மதத்தின் மடியில் போட்டது. அல்லது, போட்டதென்று அஞ்சி நீதிபதிகள் பின்வாங்கினர். அச்சமா, சட்டமா என்பதைத்தான் இந்திரா காந்தி வழக்கு உரைத்துப் பார்த்தது.

வழக்கு ஒன்பதாண்டு நடந்தது. 2010இல் ஈப்போ உயர்நீதிமன்றம் பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைக்கச் சொன்னது. 2013இல் மதமாற்றச் சான்றிதழ்களைச் செல்லாதவையாக்கியது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. இடையிலே காவல்துறை, கையில் இரண்டு மன்றங்களின் இரண்டு ஆணைகள் இருக்கின்றனவே, எதை நிறைவேற்றுவது என்று கையைப் பிசைந்தது. 2009இல் அமைச்சரவை, மணத்தின்போது பெற்றோர்க்கு எம்மதமோ பிள்ளைக்கும் அம்மதமே என்று முடிவெடுத்து அறிவித்தது, சட்டமாக்கவில்லை. 2016இல் அதை மசோதாவில் 88ஏ என்று சேர்த்தனர். 2017 ஆகஸ்டில் அப்பிரிவை மட்டும் உருவிவிட்டு மிச்சத்தை நிறைவேற்றினர். பழத்தைத் தின்றுவிட்டுத் தோலைத் தந்த கதை.

வழக்கின் நடுவே இலக்கணச் சண்டையும் ஒன்று. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் மதத்தை 'பேரண்ட்' தீர்மானிப்பார் என்கிறது பிரிவு 12(4). ஆங்கிலத்தில் ஒருமை. எனவே தாய், தந்தை இருவரில் ஒருவர் போதும் என்றது 2007இன் ஒரு தீர்ப்பு. தமிழாசிரியர் எவரையாவது கேட்டிருக்கலாம்! 'பெற்றோர்' என்ற நம் சொல்லில் இருவரும் பிரிக்கவொண்ணாமல் இருக்கிறார்கள். அதிலிருந்து தாயைக் கழித்துவிட எந்த வழக்கறிஞராலும் முடியாது.

2018 சனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பளித்தனர். இருவரும் இருக்கும்போது இருவரின் இசைவும் வேண்டும். சான்றிதழ்கள் செல்லா. பேராக்கின் இஸ்லாமியச் சட்டமே, மாறுபவர் தம் வாயால் உறுதிமொழி கூற வேண்டுமென்கிறது. அங்கே வராத பிள்ளைகள் எங்ஙனம் கூறினர்? எல்லாவற்றுக்கும் மேலாக, அரசியற் சட்டம் தந்த உரிமையைக் காக்கும் அதிகாரம் உரிமையியல் நீதிமன்றத்தின் உயிர்நாடி. அது சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பு. 121(1ஏ) அதைப் பறிக்க முடியாது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சைனுன் அலி, முஸ்லிம் பெண்மணி. லீனா ஜாய் வழக்கில் தனித்து நின்ற மலாஞ்சுமும் அவ்வாயத்தில் இருந்தார். இந்திரா காந்திக்காகப் போராடிய வழக்கறிஞர்களில் ஒருவர் தமிழரான குலசேகரன். அடிப்படைக் கட்டமைப்பு என்ற அக்கோட்பாடு எங்கிருந்து சென்றது தெரியுமா? 1973இல் நம் உச்சநீதிமன்றம் தந்த கேசவானந்த பாரதி தீர்ப்பிலிருந்து. கேசவானந்தர் காசர்கோட்டு மடாதிபதி. மடத்து நிலத்தைக் காக்க வழக்காடியவர். மடத்தின் சொத்துக்காகப் பிறந்த கோட்பாடு, கடல் கடந்து ஒரு பாலர் பள்ளி ஆசிரியைக்குத் தன் பிள்ளைகள் மீதுள்ள உரிமையைக் காத்தது.

இனி நம் வீட்டுக் கொல்லையையும் பார்க்க வேண்டும். இந்திரா காந்தியின் கண்ணீரை இங்கே கடை விரித்து விற்பவர் சிலருண்டு. அவர்களைக் கேட்கிறேன்: 2002 அக்டோபரில் தமிழகத்தில் கட்டாய மதமாற்றத் தடை என்று ஓர் அவசரச் சட்டம் வந்ததே, மதம் மாற்றுவோர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டுமென்றதே, அப்போது கைதட்டியவர் யார்? 2004இல், தேர்தலில் மக்கள் அடித்த அடிக்குப் பின், அது திரும்பப் பெறப்பட்டது. 2018இல், மலேசியத் தீர்ப்பு வந்த இரண்டாம் திங்களில், நம் உச்சநீதிமன்றமும் ஒரு வழக்கை முடித்தது. சேலத்தில் மருத்துவம் பயின்ற கேரளப் பெண், வயது வந்தவர், இஸ்லாத்தை ஏற்று முஸ்லிமை மணந்தார். அத்திருமணத்தை உயர்நீதிமன்றம் ரத்துச் செய்து அவரைத் தந்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அவர் மணம் செல்லும் என்று 2018 மார்ச்சில்தான் மீட்டுத் தந்தனர். லீனா ஜாய்க்காக இரங்குபவர் இவருக்காக இரங்கவில்லையென்றால், அவர் இரங்குவது பெண்ணுக்காக அன்று.

மீனாட்சிபுரத்துக்கே திரும்புவோம். அவர்களைச் சட்டம் தடுக்கவில்லை என்றேன், உண்மை. ஆனால் விலை கேட்டது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, தாழ்த்தப்பட்டோர்க்கு உரிய காப்பு இந்துவாக இருந்தால்தான். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. இஸ்லாத்துக்கோ கிறித்துவத்துக்கோ போனால், சாதியின் வடு உடலோடு வரும். அதற்கான மருந்து மட்டும் வாயிலிலேயே பறித்துக்கொள்ளப்படும். மதச்சார்பற்ற அரசின் போகும் வாயிலில் பூட்டு இல்லை. சுங்கச் சாவடி இருக்கிறது.

மலேசியாவில் சீர்திருத்தத்தின் வாய்ப்பு என்ன என்று கேட்டால், தீர்ப்புகளின் வழியே அது மெல்ல ஊர்ந்து வருகிறது. 2024 பிப்ரவரி 9 அன்று கூட்டரசு நீதிமன்றம், கிளந்தான் மாநில ஷரியா குற்றச் சட்டத்தின் பதினாறு பிரிவுகளை, அவை இயற்ற மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று எட்டுக்கு ஒன்றாக நீக்கியது. வழக்குத் தொடுத்தவர்கள் தாயும் மகளுமான முஸ்லிம் பெண்கள் இருவர். நீதிமன்றத்துக்கு வெளியே பலர் கூடி அவ்வழக்குக்கு எதிர்ப்புத் தெரிவித்தனர். 2025 ஜூனில் சிலாங்கூரின் பத்வா, நிறுவனமாகப் பதிவான 'இஸ்லாமிய சகோதரியர்' அமைப்பைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பாயிற்று. நீதிமன்றம் ஓர் அடி முன்னே வைக்கிறது. வீதியும் வாக்குச் சாவடியும் அதைப் பின்னே இழுக்கின்றன. எட்டு நீதிபதிகள் எழுதுவதை எண்பது இலட்சம் மக்கள் ஏற்கச் செய்யும் வேலை சொற்பொழிவாளனுடையது, ஆசிரியனுடையது, ஏடு நடத்துபவனுடையது. நம் நாட்டில் சுயமரியாதைத் திருமணம் 1967இல் அண்ணாவின் அரசில் சட்டமாவதற்கு முன் நாற்பதாண்டு மேடையில் வாழ்ந்தது.

இந்திரா காந்தியின் மூத்த பிள்ளைகள் இருவரும் தாயோடு வளர்ந்தனர். கடைக்குட்டியைக் கொண்டுபோன தந்தையைக் கைது செய்யக் கூட்டரசு நீதிமன்றம் காவல்துறைக்கு 2016 ஏப்ரலில் ஆணையிட்டது. 2018இன் தீர்ப்பு வந்து ஏழாண்டு கடந்த பின்னும் அந்த அன்னை அக்குழந்தையின் முகத்தைக் காணவில்லை. 2008இல் பிறந்த அவளுக்கு 2026இல் பதினெட்டு வயது நிறைகிறது. பிரிவு 12(4)இன்படி, அதன்பின் அவள் எம்மதத்தைப் பின்பற்ற வேண்டும், பின்பற்ற வேண்டா என்பதில் தாய்க்கும் சொல்லில்லை, தந்தைக்கும் சொல்லில்லை.